கேட்காமல் நடந்த இருபது வருஷம்

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்தொன்பது வருஷம் எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

காலை ஏழரை மணி. குன்றின் உச்சியில் அவன் போட்ட இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வழக்கமாக அந்த நேரத்தில் கேட்டில் பூட்டுத் தொங்கும். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டாவது கம்பியில் கால் வைத்து ஏறிக் குதிப்பேன். அவன் ஆட்டுப்பட்டி வாசலில் நின்றபடி, "காலு ஒடிஞ்சு விழப்போற" என்பான். "விழுந்தா உன் தலைமேலதான் விழுவேன்" என்பேன். அதோடு அவன் ஆடுகளைப் பார்க்கப் போவான், நான் பஸ்ஸைப் பிடிக்க இறங்குவேன். காலைச் சாப்பாடு தவறினாலும் இது தவறாது.

அன்றைக்குக் கேட் அகலத் திறந்து கிடந்தது. அவன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் ஆள் வரவேற்கிறவன் மாதிரி நின்றான்.

"வாம்மா. பார்த்துப் போ. ராத்திரி மழை, வழுக்கும்."

அம்மாவாம். என்னை அவன் 'டீ' போடாமல் கூப்பிட்டு எத்தனை வருஷமாகிறது என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தான். நீலத்தில் வெள்ளை எழுத்து, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. 'இப்பாதையில் செல்வோரை நிலத்தின் உரிமையாளர் அன்புடன் அனுமதிக்கிறார்.'

அந்த 'அன்புடன்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ இவனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் குன்றைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அப்படிப் பேசுகிற யாரும் தினம் அதில் ஏறி இறங்குகிறவர்கள் இல்லை. மரம் கிடையாது, புல்லும் காற்றும்தான். உச்சியில் வரிசையாக ஏழு மேடுகள், எருமைகள் படுத்துக் கிடக்கிற மாதிரி. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ தங்கள் ஆட்களைப் புதைத்து, மேலே மண்ணைக் குவித்து, சுற்றிக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியல் துறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, காவலுக்கு ஒரு ஆளையும் தகரக் கொட்டகையில் உட்கார்த்தி வைத்திருக்கிறது. மேடுகளுக்கு நடுவே போகிற பாதைக்கும் அதே வயசுதான் என்கிறார்கள். எத்தனை பேர் கால் பட்டதோ, முழங்கால் ஆழத்துக்குத் தேய்ந்துவிட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், மூன்றாமவர் பின்னால்தான் வர வேண்டும்.

எனக்கு அது பஸ்ஸுக்குப் போகிற வழி, அவ்வளவுதான். குன்றின் பின்பக்க அடிவாரத்தில் என் வீடு. முன்பக்க அடிவாரத்தில் பஸ், கடைத்தெரு, நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை. பாதை வழியாக வந்தால் இருபத்தைந்து நிமிஷம். இல்லையென்றால் குன்றைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர். அந்த ரோட்டில் பஸ் ஓடாது. மழை வந்தால் தரைப்பாலம் வேறு முழுகிவிடும். எனக்கு ஐம்பத்தேழு வயது, சைக்கிள் விடத் தெரியாது. பாதை போனால் வீடு போன மாதிரி. பாகம் பிரிக்கும்போது அப்பா வீட்டை எனக்கும் குன்றை அவனுக்கும் எழுதினார். எழுதிய மனுஷன் வழியை யாருக்கும் எழுதவில்லை. நாங்கள் ஒற்றுமையாக இருப்போம் என்று நம்பியிருப்பார், பாவம்.

சட்டத்தை எனக்குச் சொன்னவர் ஒரு வக்கீல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டுக் கடைக்கு வருவார். நான் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறவள். அறை என்று சொல்வதே அதிகம். ஒரு மேஜை, தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் சாணைக்கல், அளவெடுக்கும் கருவி, கடுகளவு ஸ்க்ரூக்கள் போட்ட டப்பிகள். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸின் விளிம்பைத் தேய்க்க வேண்டும். முடி அளவு கூடினால் உள்ளே போகாது, முடி அளவு குறைந்தால் கழன்று விழும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது விரலெல்லாம் வெள்ளைச் சேறு அப்பியிருக்கும். போன வருஷம் ஒருநாள் வக்கீலின் ஃபிரேமை நிமிர்த்திக்கொண்டே அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இப்படி ஏறிக் குதிக்கிறீங்க?"

"கேட் போட்ட நாள்லேர்ந்து. வர்ற கோடையில பத்தொன்பது முடியுது."

"அவர்கிட்ட ஒரு தடவையாவது கேட்டுட்டுப் போயிருக்கீங்களா?"

"அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

"பிரமாதம்" என்றார் வக்கீல். கண்ணாடி இல்லாமல் என்னைத் தேடிக்கொண்டே சிரித்தார். "இருபது வருஷம் ஒருத்தர் நிலத்து வழியா வெளிப்படையா நடந்து, அதுவும் அனுமதி கேக்காம, அவர் எதிர்த்தும் விடாம நடந்திருந்தா, அது உங்க உரிமை ஆயிடும். சண்டை போட்டதுக்கு சாட்சி இருக்கா?"

சாட்சிக்கா பஞ்சம்? அண்ணன் என் மேல் மூன்று தடவை போலீஸில் புகார் கொடுத்திருக்கிறான். வேலிக் கம்பியை அறுத்தேன் என்று ஒன்று, பூட்டை உடைத்தேன் என்று ஒன்று, அவனைக் கல்லால் அடித்தேன் என்று ஒன்று. மூன்றும் உண்மை. மூன்றுக்கும் தேதி போட்ட காகிதம் இருக்கிறது. வக்கீல் அவற்றைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் உங்களுக்கு எவ்வளவு உதவி பண்ணியிருக்கார்!" என்றார்.

கொஞ்சம் பொறுத்து, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "ஒரே ஒரு தடவை நீங்க கேட்டு, அவர் விட்டிருந்தாலும் போச்சு. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் தண்ணிலதான். அந்த நாள்லேர்ந்து மறுபடி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும்."

நான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேட் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் நல்ல மெக்கானிக். கைக்கு வேலை இருந்தவரை மனுஷர் தங்கம். வேலை இல்லாத ஒரு வருஷம், மேட்டுக்குள் தங்கம் இருக்கிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் நம்பர் மேட்டைத் தோண்டிவிட்டார். கிடைத்தது உடைந்த பானை, கருகிய எலும்பு, துருப்பிடித்த ஒரு கத்தி. துறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். குன்று யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பதினோரு நாளும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கு முதல் நாளே தெரியும். அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை நான்தான் கழுவினேன்.

தோண்டியது யார் என்று அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவன் வெளியே வந்த அதே வாரம் கேட் வந்தது. "அவன் என் மண்ணுல கால் வைக்கக் கூடாது. நீயும்தான்" என்றான். நான் மறுநாளே ஏறிக் குதித்தேன். தப்பு எங்கள் மேல்தான் என்று தெரிந்தபோது வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு அடங்கவே தெரியாது.

பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மூன்று நாளாக அடைமழை, தரைப்பாலத்துக்கு மேல் ஆளுயரத் தண்ணீர். வண்டி வராது. அடக்கம் செய்கிற இடமோ குன்றுக்கு அந்தப் பக்கம். வீட்டில் நானும் என் மகளும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணனிடம் ஆடு மேய்த்த கிழவர் ஒருவர் மழைக்கு ஒதுங்க வந்து விஷயம் தெரிந்து நின்றுவிட்டார். மூன்று பேர். ஒரு பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

விடிந்ததும் குன்றேறிப் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "கேட்டைத் திறந்துவிடு அண்ணா. அவரைக் கொண்டு போகணும்" என்றேன். அண்ணா என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அண்ணி உள்ளேயிருந்து என்னவோ சொன்னாள், அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு என் முன்னால் நடந்தான். கேட்டைத் திறந்தான். திறந்துவிட்டுத் திரும்பிப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை, என்னோடு இறங்கி வந்தான். பெட்டியின் முன்பக்கம் வலது மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டான். கிழவர் இடது மூலை, பின்னால் நானும் மகளும். அந்தப் பள்ளமான பாதையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கச் சரியாக இருந்தது. மூன்றாம் நம்பர் மேட்டைத் தாண்டும்போது எனக்கு அவன் முகம் தெரியவில்லை, பிடரி மட்டும்தான் தெரிந்தது. மழைத் தண்ணீர் அதில் வழிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை கேட்டில் மறுபடி பூட்டு. நான் ஏறிக் குதித்தேன். "காலு ஒடிஞ்சு விழப்போற" என்றான். அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசியதே இல்லை. கிழவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகைக் காவல்காரர் அந்த மழையில் வேலைக்கே வந்திருக்கவில்லை.

இதை நான் என் வக்கீலிடம் சொல்லவில்லை.

இப்போது பலகைக்கு வருகிறேன். நான்காவது புகார் கொடுப்பதற்கு அண்ணன் ஒரு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறான். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு, 'புகார் கொடுக்காதே, அதுதான் அவளுக்கு ஆதாரம். வழியை விடு. விட்டால் அது உன் தயவு, விடாவிட்டால் அவள் உரிமை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னும் நாலு மாதம்தான் பாக்கி. அதனால்தான் அந்தச் சிரிப்பு, அந்த 'வாம்மா'.

என் வக்கீலிடம் ஓடினேன்.

"அவர் அனுமதி குடுக்கலாம். தப்பில்ல. நீங்க வாங்கக் கூடாது."

"வாங்காம எப்படி? கேட் திறந்து கெடக்கே!"

"அது உங்க சாமர்த்தியம். எதிர்ப்பைக் காட்டிக்கிட்டே நடங்க. சாட்சி வெச்சுக்கோங்க."

அந்த நாலு மாதம் நாங்கள் நடத்திய கூத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முதல் நாள் திறந்த கேட்டுக்குள் போகாமல், கேட்டின் தூணில் ஏறிக் குதித்தேன். அவன், "எதுக்கும்மா கஷ்டப்படுற, இப்படி வா" என்றான். பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். மறுநாள் இன்னொன்று நட்டான். அதையும் எறிந்தேன். மூன்றாவதைச் சிமென்ட் போட்டு நட்டான். அதன் மேல் என் மழைச்சட்டையை மாட்டி மூடினேன். சாயங்காலம் வரும்போது அவன் அந்தச் சட்டையைத் துவைத்து மடித்துத் தூண் மேல் வைத்திருந்தான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வாரம் கடைத்தெருவில் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன். காலையில் திறந்து கிடந்த கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். கொட்டகையில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து வந்தார். ஊரில் அவரை முணுமுணு என்பார்கள். வாய்க்குள்ளேயே பேசுவார்.

"ஏன்க்கா, கேட் தெறந்துதானே கெடக்கு?"

"தெரியும். அதான் பூட்டுறேன்."

"பூட்டிட்டு?"

"ஏறிக் குதிப்பேன். நல்லாப் பார்த்துக்கோ. கேட் பூட்டியிருந்துச்சு, நான் ஏறிக் குதிச்சேன். நாளைக்குக் கேட்டா சொல்லணும்."

அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போனார். அண்ணன் ரம்பம் கொண்டுவந்து என் பூட்டை அறுத்தான். கேட்டைப் பூட்டாதே என்று நான் கத்திய காலம் போய், அவன் கேட்டை நான் பூட்டுகிறேன், அவன் அறுக்கிறான். ஏழு பூட்டு அறுபட்டது. ஒரு பூட்டை அறுத்துக்கொண்டிருக்கும்போது பொறுமை போய்விட்டது அவனுக்கு.

"உனக்கு மூளை கழண்டு போச்சாடீ?"

அந்த 'டீ' காதில் விழுந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. "காவல்காரரே, கேட்டீங்கல்ல? திட்டுறான்!" என்று கூவினேன். அண்ணன் பல்லைக் கடித்து மறுபடி சிரித்தான். "சும்மா சொன்னேன்ம்மா. தாராளமா போயிட்டு வா."

மூன்றாவது மாதம் ஒருநாள் ஏறும்போது கம்பி வழுக்கி முழங்கால் கல்லில் மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் ஓடி வந்தான். ஓடி வந்ததில் நடிப்பு இருந்ததா இல்லையா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"கையைக் குடு."

"தொடாத."

"ரத்தம் வருதுடீ. வீட்டுல வந்து உக்காரு, கட்டுப் போடலாம்."

"உன் வக்கீல் சொல்லிக் குடுத்தானா இதையும்?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. நான் தவழ்ந்து எழுந்து நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்கு இறங்கினேன். அந்த வாரம் முழுக்க முழங்கால் பந்தாக வீங்கியிருந்தது. ஒரு நாள்கூட நடையை விடவில்லை.

இருபது வருஷம் முடிந்த மறுநாள் வழக்குப் போட்டோம். அன்று மகள் போன் செய்தாள். அவள் இப்போது தூர தேசத்தில் வேலையில் இருக்கிறாள்.

"அம்மா, ஒரு நாளும் கேக்காம நடந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே?"

"ஆமா."

"அப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு? மாமாகிட்ட கேட்டுத்தானே போனோம்?"

"நீ வாயை மூடு."

"மாமா தோள் ரெண்டு நாள் கன்றிப் போயிருந்துச்சும்மா. நான் பார்த்தேன்."

"வீடு வேணுமா வேணாமா உனக்கு?"

"எனக்கு எதுக்கும்மா அந்த வீடு?" என்றாள். வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. அண்ணன் பலகைக்கு மேல் பலகை நட்டுக்கொண்டு ஏன் அலைகிறான்? எட்டு வருஷத்துக்கு முன்னால் இவள் கேட்டாள், நான் விட்டேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதுமே. வழக்கு அங்கேயே விழுந்துவிடும். அவன் கொடுத்த பதில் மனுவை என் வக்கீல் வரிவரியாகப் படித்துக் காட்டினார். அதில் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டானோ என்றுகூட நினைத்தேன். மறக்கிற நாளா அது? கடைசி நேரத்துக்குப் பதுக்கி வைத்திருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன். அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

நீதிமன்றம் இடத்தைப் பார்த்து விசாரிக்க ஒரு ஆணையரை அனுப்பியது. இளம் வயதுக்காரர். காற்றில் பறக்கும் காகிதங்களை முழங்காலால் அழுத்திக்கொண்டு கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் வக்கீல், அண்ணனின் வக்கீல், முணுமுணு, நான், அண்ணன். அண்ணி வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள். ஆணையர் பாதையை அளந்தார், கேட்டைப் பார்த்தார், அறுபட்ட ஏழு பூட்டுகளையும் எண்ணினார். முணுமுணுவின் சாட்சியம் யாருக்கும் காதில் விழவில்லை, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்கள். பிறகு ஆணையர் தொல்லியல் துறையின் அறிக்கையை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"'இப்பாதை இறந்தோரைச் சுமந்து செல்வதற்காகவே ஏற்பட்டது எனத் தெரிகிறது. இருவர் இணையாக நடக்கும் அகலம் அதற்கெனவே அமைந்தது. இப்பயன்பாடு சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் நின்றுபோனது.'"

அண்ணனைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன்.

அண்ணனின் வக்கீல் கெட்டிக்காரர். அந்த வரி அவருக்கு எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"உங்க கணவர் இறந்தது வெள்ளத்தப்போ, இல்லீங்களா? தரைப்பாலம் மூழ்கியிருந்த சமயம்."

"ஆமா."

"அப்ப அவரை எப்படிக் கொண்டு போனீங்க?"

என் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது புதுக் கேள்வி. அண்ணன் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றான். அவன் செருப்பு மட்டும் தெரிந்தது. வீடு, பஸ், கடை, என் சாணைக்கல், பதினோரு கிலோமீட்டர் எல்லாம் ஒன்றாக மனசில் ஓடியது. இருபது வருஷமும் ஓடியது.

"தண்ணி வடியற வரைக்கும் வீட்டுல வெச்சிருந்தோம்" என்றேன். "அப்புறம் ரோடு வழியா கொண்டு போனோம்."

"இந்த வழியா கொண்டு போகலையா? உங்க அண்ணன்கிட்ட கேக்கலையா?"

"கேக்கல. கேட்டாலும் அவன் விட்டிருக்க மாட்டான்."

கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

வக்கீல் அண்ணன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. நடந்தது என்ன?" அவர் குரலில் ஆசை தெரிந்தது. இவன் வாயைத் திறந்தால் வழக்கு முடிந்தது. நான் பொய் சத்தியம் செய்ததும் வெளியே வரும். மகளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவள் மறைக்க மாட்டாள்.

அண்ணன் மூன்றாம் நம்பர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆணையரைப் பார்த்துச் சொன்னான்.

"அவ சொல்றதுதான். ரோடு வழியாதான் கொண்டு போனாங்க. நான் விடல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"அதான் சொல்லிட்டேனே. அவனுக்கு நான் எதுக்கு வழி விடணும்? அவனால பதினோரு நாள் உள்ள இருந்தவன் நான்."

ஆணையர் எழுதிக்கொண்டார். அண்ணனின் வக்கீல் காகிதங்களைப் படாரென்று மடித்துப் பைக்குள் திணித்தார். எல்லாரும் ஜீப்பை நோக்கி இறங்கினார்கள். என் வக்கீல் போகும்போது என் காதருகே, "ஜெயிச்சாச்சு" என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அண்ணனும் போகவில்லை. என்னைப் பார்க்காமல், யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னான்.

"கனமாத்தான் இருந்தான்."

அவ்வளவுதான் சொன்னான். பட்டிக்குப் போய்விட்டான்.

அவன் ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பலகை நட்டது, சட்டையைத் துவைத்துக் கொடுத்தது, வாம்மா போம்மா என்றதெல்லாம் வழக்குக்காகச் செய்தது. அதையெல்லாம் வழக்கில் போட அவனுக்குக் கூச்சமில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவன் வழக்குக்காகச் செய்ததில்லை. அதை எடுத்து வழக்கில் போட அவனுக்கு மனசு வரவில்லை. அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வந்தது. அவன் முன்னாலேயே வந்தது.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பாதை எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் வந்து கேட்டைக் கழற்றினார்கள், பலகையைச் சிமென்டோடு பெயர்த்தார்கள். கடையில் முதலாளி எனக்குக் கை கொடுத்தார். வக்கீல் அன்றைக்கும் ஒரு உடைந்த ஃபிரேமோடு வந்து, தன் சாமர்த்தியத்தைக் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். மகளுக்குப் போன் செய்தேன். "சரிம்மா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை ஏழரை மணிக்கு உச்சிக்கு வந்தபோது அண்ணன் பட்டி வாசலில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வெறும் வெளியில் இரண்டு தூண் மட்டும் நின்றது. கால் தானாகத் தூக்கிக்கொண்டது, ஏற எதுவும் இல்லை. திட்ட ஆள் இல்லாமல் இறங்கிப் போவது எனக்கு என்னவோ செய்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் வாய்க்குள் ஒரு சண்டை மீதி இருந்தது.

மூன்றாம் நாள் அவன் இருந்தான். பாதை ஓரத்தில் சரிந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நான் வருவது அவனுக்குத் தெரியும், நிமிரவில்லை. நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு ராத்திரி யோசித்து வைத்திருந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தை யாருக்கும் வாயில் வந்ததில்லை. வேறு ஒன்று வந்தது.

"அண்ணா. இப்படிப் போகட்டுமா?"

அவன் கையிலிருந்த கல்லை வைத்தான். அது சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபம் இருந்தால் பரவாயில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸுக்கு வழி கேட்கிற அயலூர்க்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"என்னை ஏன் கேக்குறீங்க? பொது வழி. யார் வேணாலும் போகலாம்."

சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று வழி விட்டான். நான் அழுதுகொண்டே அவனைத் தாண்டி நடந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.